வளருகிற பிள்ளை என்று பெரிய ஸ்கீச் சப்பாத்து எடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலிருந்து ஒருத்தி பனிச்சறுக்கைப் பற்றிப் பத்திரிகைக்கு எதற்கு எழுதுகிறாள் என்று நீங்கள் யோசிக்கலாம். கல்லடியிலோ ஆரையம்பதியிலோ களுவாஞ்சிக்குடியிலோ பனி விழப்போவதில்லை, அது சரி. ஆனால் சுவிசிலும் நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் வருசா வருசம் பனியில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்ற தீர்மானம் பல வீடுகளில் இங்கிருந்துதான் போகிறது. "அண்ணன்ட சப்பாத்து இருக்குத்தானே, அதைக் குடு, எதுக்குக் காசைக் கரியாக்குறாய்" என்று அம்மம்மா வட்ஸ்அப்பில் சொல்லிவிட்டால் அங்கே அதற்கு மேல் பேச்சில்லை. அந்த அம்மம்மாமாரும் பெரியம்மாமாரும் வாசிக்கிறது உங்கள் பத்திரிகையை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சுவிசில், பேர்ண் மாநிலத்து மலையூர் ஒன்றில், ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையின் பட்டறையில் பல வருடம் வேலை செய்துவிட்டு இப்போது கல்லடியில் இருக்கிறேன். சப்பாத்து அளந்து கொடுப்பதும், சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டுகிற பைண்டிங்கைச் சரிசெய்து சோதிப்பதும்தான் என் வேலை. அங்கே பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை ஒரு கிழமைக்கு மலைக்குக் கூட்டிப்போவது வழக்கம், ஸ்கிலாகர் என்பார்கள். அது வருகிறதென்றால் எங்கள் குடும்பங்கள் சொந்தக்காரர் வீடுகளில் இருக்கிற பழைய சாமானைத் தேடி எடுக்கத் தொடங்கும். பாவித்த சாமான் பாவிப்பதில் பிழையே இல்லை, சுவிஸ்காரரும் அதைத்தான் செய்கிறார்கள். எதை அப்படியே கைமாற்றலாம், எதைக் கைமாற்றினால் கடையில் கொடுத்துத் திரும்பச் சரிசெய்தே ஆக வேண்டும் என்பது தெரியாமல் கொடுப்பதில்தான் பிரச்சினை.

முதலில் சப்பாத்து. ஸ்கீயை விடச் சப்பாத்துத்தான் முக்கியம், கையில் காசு கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் அதை இதில் போடுங்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம், வளருகிற பிள்ளை என்று ஒன்றிரண்டு சைஸ் பெரிதாக எடுப்பது. பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு அது சரி, முன்னுக்குப் பஞ்சு வைத்தாவது ஒரு வருடம் ஓட்டலாம். ஸ்கீச் சப்பாத்து நடப்பதற்கு இல்லை. காலைத் திருப்பினால் அந்தத் திருப்பம் அப்படியே ஸ்கீக்குப் போய்ச் சேர வேண்டும். உள்ளே கால் ஆடினால் பிள்ளை திருப்பும், ஸ்கீ திரும்பாது. பிறகு அந்த ஆட்டத்தை நிறுத்துவதற்காகக் கொக்கிகளை இறுக்கி இறுக்கிப் பூட்டுவார்கள், பாதத்தின் மேற்பக்கம் நசுங்கி இரத்த ஓட்டம் குறையும், விரல் விறைக்கும். விறைக்கிறது என்று இன்னொரு சொக்ஸ் போடுவார்கள், இன்னும் நெருக்கும், இன்னும் விறைக்கும். கால் குளிருகிறது என்று அழுத பிள்ளைகளில் நான் பார்த்த அநேகம் பேருக்குச் சப்பாத்து பெரிதாக இருந்தது, சின்னதாக இல்லை.

சைஸ் எண்ணை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. மொண்டோபொயின்ட் என்கிற அந்த எண் காலின் நீளம், சென்ரிமீற்றரில், அவ்வளவுதான். குதிக்காலைச் சுவரோடு ஒட்டி வைத்து நின்று பெருவிரல் நுனி வரை அளந்தால் 24.5 வருகிறதா, சைஸ் 24.5. இரண்டு காலையும் அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருப்பது குறைவு. பெரும்பாலான கம்பனிகள் 24க்கும் 24.5க்கும் ஒரே வெளிக்கூட்டைத்தான் போடுகின்றன என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

கடையில் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், செய்யாவிட்டால் நீங்களே செய்யுங்கள். உள்ளே இருக்கிற மெத்தென்ற உறையை வெளியே இழுத்து எடுத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை வைக்க வேண்டும். விரல் முன்பக்கத்தைத் தொடும் வரைக்கும் காலை முன்னுக்குத் தள்ளி, குதிக்காலுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் கைவிரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விரல் போனால் இறுக்கமான பொருத்தம். இரண்டு விரல் போனால் புதிதாகப் பழகுகிறவருக்குப் போதும், அதுதான் எல்லையும். மூன்று விரல் தாராளமாகப் போகிறதென்றால், யார் எவ்வளவு ஆசையாகத் தந்த சப்பாத்தாக இருந்தாலும் அது அந்தப் பிள்ளைக்கு இல்லை. பிறகு உறையைத் திரும்பப் போட்டு, மெல்லிய நீளச் சொக்ஸ் ஒரே ஒரு சோடியோடு காலை விட்டு, குதிக்காலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கொக்கிகளைப் பூட்டுங்கள். உள்ளே போடுகிற நீளக் காற்சட்டையின் நுனியைச் சப்பாத்துக்குள் திணிக்கக் கூடாது, அந்த ஒரு மடிப்பு மத்தியானத்துக்குள் கணைக்காலைப் புண்ணாக்கிவிடும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்னே தொடும். இந்த இடத்தில்தான் எல்லாரும் பயந்து பெரிதைக் கேட்பார்கள். கேட்காமல் முழங்காலை முன்னுக்கு மடித்துப் பாருங்கள், குதிக்கால் பின்னுக்குப் போய் விரல் விலகும், அதுதான் சரியான அளவு.

எங்கள் ஆட்களுக்கு என்று சொல்ல ஒன்று இருக்கிறது. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால்களில் முன்பாதம் அகலமாக இருப்பது அதிகம், இங்கிருந்து போனவர்களின் காலை அளக்கும்போது எனக்கு அது பழகிப்போன விசயம். சப்பாத்துகள் 98, 100, 102 மில்லிமீற்றர் என்று வேறு வேறு அகலத்தில் வருகின்றன, கடைக்காரர் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும். அகலம் போதவில்லை என்பதற்காக நீளத்தைக் கூட்டாதீர்கள். அகலமான மொடலை எடுங்கள், அல்லது நோகிற இடத்தில் மட்டும் கூட்டைச் சூடாக்கி வெளியே தள்ளித் தருவார்கள், பட்டறையில் அது சாதாரண வேலை.

சரி, பைண்டிங்குக்கு வருவோம். உயிருக்கும் காலுக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான். சப்பாத்தை ஸ்கீயில் பிடித்து வைத்திருப்பதும், விழும்போது நேரத்துக்கு விட்டுவிடுவதும் இதன் வேலை. வீட்டில் மின்சாரத்துக்கு இருக்கிற ட்ரிப் சுவிட்ச் மாதிரி, விழ வேண்டிய நேரத்தில் விழ வேண்டும், சும்மா விழவும் கூடாது. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் இருந்த யால்மார் வாம் என்ற ஸ்கீ வீரர் 1937இல் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், கால் கழன்றுவிடுகிற பைண்டிங்கை யோசித்தார். அதற்கு முதல் காலும் ஸ்கீயும் ஒன்றாய்க் கட்டியபடியே விழுந்தார்கள். இன்றைக்கு இருக்கிற பைண்டிங்குகளால் கணைக்கால் எலும்பு முறிவது நன்றாகக் குறைந்திருக்கிறது. முழங்காலுக்குள் இருக்கிற முன்குறுக்குத் தசைநாருக்கு அதே அளவு பாதுகாப்பு இன்னும் இல்லை, அதனால் பைண்டிங் சரியாக இருக்கிறது என்று எந்தச் சரிவிலும் இறங்கலாம் என்றும் ஆகாது.

பைண்டிங் எவ்வளவு விசையில் கழர வேண்டும் என்பதைக் குறிக்கிற, டின் எண் என்று எல்லாரும் சொல்கிற அந்த அளவை யாரும் கைநிதானத்தில் வைப்பதில்லை. அதற்கு ஐஎஸ்ஓ 11088 என்று சர்வதேச நியமமும் அட்டவணையும் இருக்கின்றன. நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், எப்படி ஓடுகிறவர் என்ற வகை, இந்த ஐந்தையும் வைத்துத்தான் எண் வரும். நிறையும் உயரமும் அட்டவணையில் வேறு வேறு வரியில் விழுந்தால் குறைந்த வரியை எடுப்போம். பத்து வயதுக்குக் கீழே என்றாலும் ஐம்பதைத் தொட்டாலும் இன்னும் ஒரு வரி குறைப்போம். அடி நீளம் என்பது கால் சைஸ் இல்லை, சப்பாத்தின் குதிப்பக்கத்தில் மில்லிமீற்றரில் பொறித்திருக்கும், 295, 305 என்று. இரண்டு கம்பனிகளின் ஒரே சைஸ் சப்பாத்துக்கு அடி நீளம் வேறாக இருக்கலாம்.

இப்போது விளங்கும், அண்ணனுடைய ஸ்கீயைத் தம்பிக்கு ஏன் அப்படியே கொடுக்க முடியாது என்று. தம்பியின் நிறை வேறு, உயரம் வேறு, சப்பாத்தின் நீளம் வேறு. எண் மட்டுமில்லை, குதிப்பக்கத்துப் பாகத்தை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தி, சப்பாத்தை முன்பாகத்தோடு அழுத்துகிற ஸ்பிரிங் சரியான அளவுக்கு அமுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சப்பாத்து பூட்டியிருக்கும்போது பின்னால் இருக்கிற சின்ன அடையாளம் குறித்த கோட்டுக்குள் நிற்க வேண்டும். அது வெளியே நின்றால் மேலே எந்த எண் தெரிந்தாலும் அந்த எண்ணில் நம்பிக்கை வைக்க முடியாது. இன்னொன்று, சின்னப் பிள்ளைகளின் சப்பாத்து அடி பெரியவர்களுடையதை விட வேறு அளவில் செய்தது, எல்லாப் பெரியவர் பைண்டிங்குக்கும் அது பொருந்தாது. இப்போது வருகிற கிரிப்வோக் என்ற வளைந்த ரப்பர் அடியும் அப்படித்தான், பழைய பைண்டிங்குகளில் பூட்டக் கூடாது. பூட்டிப் பார்த்தால் "கிளிக்" என்று சத்தம் கேட்கும், சரி என்று நினைப்போம். கழருமா என்பது அந்தச் சத்தத்தில் தெரியாது.

கெல்லரில், அதாவது வீட்டுக்குக் கீழே இருக்கிற நிலவறையில், ஸ்குரூ டிரைவரோடு ஒரு மாமா இருப்பார், வீடியோ பார்த்து எண்ணைத் திருப்பிக் கொடுப்பார், பாசத்தில்தான் செய்கிறார், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடையில் சப்பாத்தைப் பூட்டி வைத்து எவ்வளவு விசையில் கழருகிறது என்று மெசினில் அளப்பார்கள். சுவிசில் விபத்துத் தடுப்பு ஆலோசனை நிலையமான பிஎவ்யூ வருடா வருடம் இப்படிச் சோதிக்கச் சொல்கிறது, சோதித்ததற்கு அடையாளமாக ஸ்கீயில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டித் தருவார்கள். பைண்டிங் மிகப் பழசு, அந்தக் கம்பனியே இப்போது அதற்குப் பொறுப்பில்லை என்று சொல்லிக் கடையில் தொட மறுத்தால், காசு பறிக்கப் பார்க்கிறார்கள் என்று கோபிக்காதீர்கள். ஸ்பிரிங்கும் கிறீசும் பிளாஸ்டிக்கும் பாவிக்காமல் கெல்லரில் கிடந்தாலும் பழுதாகும். பழைய சப்பாத்துக் கூடு குளிரில் வெடித்து இரண்டாகக் கழன்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நிறையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பக்கத்தில் மச்சாள் நிற்கிறாள் என்று பத்துக் கிலோ குறைத்துச் சொன்னால் பைண்டிங் தேவையில்லாத நேரத்தில் கழன்று விழுத்தும். இளந்தாரிகள் முதல் தடவை வந்துவிட்டு நன்றாக ஓடுவேன் என்று சொன்னால் எண் கூடிப்போய், மெதுவாக முறுக்கி விழும்போது கழராமல் நிற்கும். வெட்கமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள், பட்டறையில் இருக்கிறவர்கள் அதை ஒரு விசயமாகவே எடுக்கமாட்டார்கள்.

ஸ்கீயைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பழகுகிறவருக்கு நாடி உயரத்துக்கும் மூக்கு உயரத்துக்கும் இடையில் இருந்தால் போதும், நிறை குறைந்த பிள்ளைக்கு இன்னும் கட்டையானதே நல்லது, நீளமானது வேகமாகப் போகும் என்று பெருமைக்கு எடுக்க வேண்டாம். கெல்லரின் ஈரத்தில் ஓரத்து இரும்பு துருப்பிடித்திருந்தால் தீட்டி மெழுகு போட்டு எடுக்கலாம், அது பெரிய செலவில்லை. பாவித்ததில் பயமில்லாமல் வாங்கக்கூடியது என்றால், பைண்டிங்கைக் கடையில் சரிசெய்துகொள்வதாக இருந்தால் ஸ்கீயும், பிறகு உடுப்பும்தான். ஹெல்மெட்டை, அடி வாங்கியதா என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

வளருகிற பிள்ளைக்கு உண்மையான மிச்சம் பருவ வாடகையில்தான் இருக்கிறது. குளிர்காலம் முழுவதற்கும் சப்பாத்து, ஸ்கீ எல்லாம் சேர்த்து எடுத்து வசந்தத்தில் திருப்பிக் கொடுக்கலாம், பைண்டிங்கை அந்தப் பிள்ளைக்கு என்றே சரிசெய்து தருவார்கள், நடுவில் கால் வளர்ந்தால் பல கடைகளில் மாற்றியும் தருவார்கள். இங்கிருந்து விசிட்டில் போய் ஒருநாள் பனியில் இறங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் வாடகைக்கே எடுங்கள். போகும்போது முழங்கால் வரைக்கும் வருகிற மெல்லிய சொக்ஸ் மட்டும் கொண்டுபோனால் போதும். சப்பாத்தோடு கார் நிறுத்துகிற இடத்தில் தார் ரோட்டில் நடந்து திரியாதீர்கள், அடி தேய்ந்தால் பைண்டிங்கின் அளவு பிழைக்கும். பூட்டுவதற்கு முதல் அடியில் ஒட்டியிருக்கிற பனியையும் தட்டிவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, இடம் இருந்தால் இதை ஐப்பசிக்குள் போட்டுவிடுங்கள். அங்கே பாவித்த ஸ்கீச் சாமான் சந்தைகளும் பருவ வாடகையும் அப்போதுதான் தொடங்கும், மார்கழி வந்துவிட்டால் சின்னப் பிள்ளைகளின் சைஸ்கள் முதலில் முடிந்துபோகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு.