தொட்டில் கதையை வெட்டாதீர்கள், அண்ணாச்சி

எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாக் கமிட்டி அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

போன வருசம் நடுராத்திரிச் சாமக்கொடையில் வில்லுப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தீர்கள். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுடலைமாடன் பிள்ளையாக இருந்தபோது செய்ததைப் பாட வேண்டாம், வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள் என்று வில்லடித்துப் பாடுகிற அண்ணாவியிடம் சொல்லிவிட்டீர்கள். அவரும் கைலாயத்தில் விளக்குச் சுடரில் பிறந்தவனை நேரே பூமிக்கு இறக்கிவிட்டார். முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருத்தி, "ஏய்யா, தொட்டில் கத எங்க?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

அம்மை கண்ணயர்ந்ததும் பிள்ளை தொட்டிலை விட்டு நழுவுவான். சுடுகாட்டில் வேகிற பிணத்தை வயிறு முட்டத் தின்பான். விடியுமுன் ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளையாக வந்து படுத்துக்கொள்வான். பார்வதி அள்ளி எடுத்தால் பிணவாடை! அந்த இடத்தில் உடுக்கை நின்றுவிடும், குடம் மட்டும் மெல்ல இரண்டு தட்டு. கூட்டத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். என் எட்டு வயதில் மாடன் மேல் எனக்கு ஆசை வந்தது அந்த இடத்தில்தான்.

கள்ளத்தனத்தின் அழகை நம் சீமை ஒளித்து வைத்ததே இல்லை. திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். நாயக்கர் காலத்துத் தூணில் குறவன் ஒருவன் ராஜகுமாரியைத் தோளில் தூக்கிப் போகிறான். பாரத்தில் விலா எலும்பு புடைத்திருக்கிறது. அவன் செய்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்லை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், பெண்டாட்டி சிங்கியின் காலில் கிடக்கிற சிலம்பைப் பார்த்துப் பெரிய விரியனா என்று கேட்கிற குறவன் சிங்கனும் அதே ரகம்தான்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். கல்லிலும் ஏட்டிலும் இந்தக் குறும்பையெல்லாம் குறவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள். மாடன் கதையில் அப்படி இல்லை, சிவன் பெற்ற பிள்ளையே செய்கிறான். அதைப் போய் வெட்டலாமா?

அப்புறம் சாமியாடியின் உடுப்பு. வெள்ளை வேட்டி போதும் என்று பேச்சு அடிபடுகிறது. சல்லடம் என்கிற அரைக்கால் உடுப்பும் இடுப்புக் கச்சையும் கட்டி, குல்லாய் வைத்து, வல்லயம் என்கிற ஈட்டியை ஊன்றி அவர் திரும்பிப் பார்க்கிற அந்த ஒரு பார்வைக்காகத் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வருசக் கொடை வரியை முதல் ஆளாகத் தந்துவிடுகிறேன். அண்ணாவிக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே தொட்டில் கதையைப் பாடச் சொல்லிவிடுங்கள். அந்த ஆச்சிக்கு முன்வரிசையில் இடம் போட்டு வைப்பது என் பொறுப்பு.