முகம் தெரியாதவரிடம் விற்பது பற்றி

அன்புள்ள சண்முகத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் மகன் தன் கவுன்டர்-ஸ்ட்ரைக் கணினி விளையாட்டின் ஸ்கின்களை (ஆயுதங்களுக்கான அலங்காரத் தோற்றங்களை) முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு விற்கப்போவதாக எழுதியிருந்தாய். உன் தயக்கம் நியாயமானதே.

அந்த விளையாட்டு இயங்கும் ஸ்டீம் என்ற இணையத்தளத்தில் பொருளுக்குப் பொருள் மாற்றும்போது இரு தரப்புப் பொருள்களையும் தளமே ஒரே நேரத்தில் கைமாற்றிவிடும். ஆனால் பணம் வெளியே யுபிஐ வழியாக வருமென்றால், பொருள் போனதைத் தளம் அறியுமே தவிர, பணம் வந்ததா என்பதை அறியாது. இடைத்தரகர் என்று வாங்குபவரே ஒருவரைக் காட்டினால், இருவரும் ஒரே ஆள் என்றே வைத்துக்கொள்ளச் சொல்.

மாதந்தோறும் சுமார் 77,000 கணக்குகள் திருடுபோவதாக 2015-இல் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்து, கைபேசியில் உறுதிசெய்யாதவர்களின் பரிமாற்றங்களைச் சில நாள் நிறுத்திவைக்கத் தொடங்கியது. திருடர்களும் வழியை மாற்றிக்கொண்டார்கள். போலி நுழைவுப் பக்கம் ஒன்றில் கடவுச்சொல்லை வாங்கி, அந்தக் கணக்கின் பெயரில் ஏபிஐ சாவி ஒன்றை (கணக்கின் பரிமாற்றங்களை ஒரு நிரல் கண்காணிக்கவும் ரத்துசெய்யவும் உதவும் குறியீடு) உருவாக்கிவைத்துக் காத்திருப்பார்கள்; பையன் உண்மையான ஆளுக்குப் பரிமாற்றம் அனுப்பிய மறுகணமே அதை ரத்துசெய்து, அதே பெயரும் படமும் கொண்ட வேறொரு கணக்குக்கு அதே பொருள்களை அனுப்பிவைப்பார்கள். கைபேசியில் ஒப்புதல் கேட்கும்போது பெயரைப் பார்த்துப் பயனில்லை. கணக்கு தொடங்கிய நாளையும் அதன் ஸ்டீம் நிலையையும் (கணக்கு படிப்படியாக ஈட்டிய லெவல் எண்) பார்க்க வேண்டும். அவற்றை நகலெடுப்பது எளிதன்று.

2025 ஜூலையிலிருந்து, கைமாறிய பொருளை 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். பறிகொடுத்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். நானும் மனமார வரவேற்கிறேன். ஆயினும் பணத்தை வாங்கிக்கொண்ட விற்பவர் பொருளையும் திரும்ப எடுத்துக்கொள்ள இதே வசதி இடம் தருவதால், இப்போது வாங்குபவருக்கும் அச்சம் உண்டு. அவர் ஒரு வாரம் கழித்தே பணம் தருவேன் என்றால், அதற்காக மட்டும் அவரை ஏமாற்றுக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. நம் தரப்பிலும் நேர்மை வேண்டுமல்லவா? ஒரே பெயருள்ள இரு ஸ்கின்கள் தேய்மானத்தில் வெகுவாக வேறுபடும். அந்தத் தேய்மானத்தைக் காட்டும் ஃப்ளோட் எண்ணை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

என்னைக் கேட்டால், ஸ்டீம் சந்தையிலேயே விற்கட்டும். வாங்குபவர் தரும் தொகையில் சுமார் 13 சதவீதம் கட்டணமாகக் கழியும், கிடைக்கும் தொகை ஸ்டீம் பணப்பையிலேயே தங்கும், வங்கிக்கு வராது. அடுத்த விளையாட்டு வாங்கத்தான் பணம் என்றால் அதில் அவனுக்கு நட்டம் பெரிதில்லை. இல்லையென்றால் அவன் முடிவுசெய்யும் முன் எனக்கு எழுது.

அன்புடன்,
கதிரேசன்