வினோத்துக்கு, உன் ஷூவைப் பற்றி

வினோத் கண்ணு,

இங்கே எல்லாரும் சுகம். பேரணாம்பட்டு அத்தைக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, மாடி வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன். உன் சிநேகிதன் பிறந்தநாள் போட்டோவை அக்கா காட்டினாள். நீ வாசல்படியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாயே, அது. அக்கா உன் முகம் இளைத்துவிட்டது என்றாள். நான் ஷூவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற குளோசிங்கில் உட்கார்ந்தே வயசான எனக்குக் கண் அங்கேதான் போகும்.

குதிகால் ரப்பர் வெளிப்பக்கம் சரிந்து தேய்ந்து, உள்ளே அடுக்கியிருக்கிற தோல் வரைக்கும் வந்துவிட்டது. சோலைச் சுற்றி ஓடுகிற வெல்ட் பட்டைக்கு மேலே வெள்ளைக் கோடு. அது ரோட்டில் பனிக்குக் கொட்டுகிற உப்பு, ஊறி ஊறிக் காய்ந்திருக்கிறது. முன்பக்கத் தோல், அந்த வாம்ப், மடிகிற இடம் வறண்டு கிடக்கிறது. வாரம் இரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை என்றாய். நாற்காலியில் உட்காருகிறவன் ஷூ இப்படித் தேயாது. சரி, டொராண்டோவில் ஸ்டேஷனுக்கே ரொம்ப தூரம் நடக்கணுமாக இருக்கும்.

அது சாதாரண ஷூ இல்லை என்று உனக்குத் தெரியும். ஒட்டின சோல் விட்டுப்போனால் பசை போட்டு ஒப்பேற்றலாம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இது குட்இயர் வெல்ட். மேல்தோலான அப்பரையும் பாதத்துக்கு அடியில் இருக்கிற இன்சோலையும் சேர்த்து வெல்ட் பட்டையில் ஒரு தையல், அந்தப் பட்டையில் சோலை வைத்து இன்னொரு தையல், நடுவில் கார்க். கீழ்த் தையலைப் பிரித்தால் சோல் மட்டும் கழன்று வரும், அப்பருக்கு ஒன்றும் ஆகாது. அதனால் இரண்டு மூன்று தடவை சோல் மாற்றலாம், பார்த்துப் போட்டால் அதற்கு மேலும். 1870களில் வந்த மிஷின் இது. ரப்பரில் பேர் வாங்கின குட்இயருடைய மகன் பேரில் வந்தது என்று உன் அப்பா சொல்வார். அந்த அப்பன்காரர் கடனோடு செத்தாராம், அதையும் ஏன்தான் சேர்த்துச் சொல்வாரோ.

குதிகாலை இப்போதே மாற்று. ரப்பரோடு போனால் சின்ன வேலை, தோல் அடுக்கும் தேய்ந்தால் பெரிய செலவு. முன்பக்கம் சோல் தேய்ந்து வெல்ட் தையலைத் தொட விடாதே, வெல்ட் போனால் மொத்தமும் பிரிக்கணும். நடுச்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார், மெத்தென்று உள்ளே போனால் மாற்ற வேண்டிய நேரம். மாற்றும்போது ரப்பர் சோலாகக் கேள். தோல் சோல் தண்ணீர் குடிக்கும், அந்த ஊருக்கு ஆகாது.

உப்புக்கு, வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, துணியை நனைத்துப் பிழிந்து துடை. காய்ந்த பிறகு கிரீம், கொஞ்சமாக. மெழுகு பாலிஷை அப்பி அப்பி வைத்தால் மடிப்பில் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நிறம் கறுத்து அப்புறம் பாலிஷே நிற்காது. நனைந்தால் நியூஸ்பேப்பரை உள்ளே திணித்துப் பக்கவாட்டில் படுக்க வை, ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதே. தினமும் அதையே போடாதே. ஒரு நாள் உள்ளே இறங்கின வேர்வை காய ஒரு நாளாவது வேண்டும். உன்னிடம் இன்னொரு ஜோடி இருந்ததே, பிரவுன் கலர், அதை எங்கே காணோம்?

லேஸை அவிழ்க்காமல் காலைத் திணிக்கிறாய், அதுவும் தெரிகிறது, பின்னால் குதிகாலைப் பிடிக்கிற கவுண்டர் மடங்கியிருக்கிறது. சின்ன வயசிலிருந்து சொல்கிறேன். ஷூ ஹார்ன் ஒன்று வாங்கு. ஆனாலும் சொல்லணும், இத்தனை உப்புத் தின்றும் என் கண்ணுக்கு ஒரு தையல் விட்டதாகத் தெரியவில்லை. எங்கள் லைனில் புதுப் பிள்ளைகள் அழகுக்காகத் தையலை நெருக்கிப் போடுவார்கள், ஓட்டை நெருங்கினால் தோல் தபால் தலை மாதிரி கிழியும் என்று நான் கத்துவேன். உன் காலில் இருப்பது என் லைனில் போன மாடல். நீ அதைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனதை இன்னும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

குதிகாலை மாற்று, மறக்காதே. அங்கே கூலி அதிகம் என்று தெரியும். இந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டாம், அடுத்த மாதமும் வேண்டாம். பேங்க் தவணையை அப்பா பென்ஷனிலும் என் பி.எப். பணத்திலும் கட்டிக்கொள்கிறோம், அக்காவிடம் பேசியாயிற்று. நீ ஒன்றும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. டிக்கெட் போட்டு ஊருக்கு வந்து நாலு மாதம் இருந்துவிட்டுப் போவதென்றாலும் வா, ஆம்பூரில் சோல் மாற்ற ஆளுக்கா பஞ்சம். ஞாயிற்றுக்கிழமை போன் செய். வேலை நேரத்தில் என்றாலும் பரவாயில்லை, அப்பா முழித்துக்கொண்டுதான் இருப்பார்.

அம்மா