மின்னல் ஓடிய கதை

அன்புள்ள முருகேசா,

தங்கச்சி கல்யாணத்துக்கு வராததற்கு நீ திட்டி எழுதியது கிடைத்தது. பதில் போட நாலு மாதம் ஆனதற்கும் சேர்த்து இன்னொரு முறை திட்டிக்கொள். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. மாடசாமி அதே மாடசாமிதான், பரோட்டா கணக்கு இன்னும் தீரவில்லை.

விஷயம் என் சிப்பிப்பாறை நாய்க்குட்டி மின்னலைப் பற்றியது. போன மாதம் ஒரு காலை, புஞ்சையில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பருத்திக்கு நடுவே ஏதோ அசைந்தது. "மின்னலு, மின்னலு" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். அது காதை மடித்துக்கொண்டு வில்லாக வளைந்து நிமிர்ந்து, தார்ரோட்டைத் தாண்டிப் புள்ளியாகிவிட்டது. மத்தியானம் நாக்குத் தொங்கத் தானாகவே வந்தது. அதுவரை ரோட்டோரம் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தப்பு என்னுடையது. முன்பு வளர்த்த ஜாக்கிக்குப் பழக்கிய மாதிரியே இதற்கும் பழக்கினேன். ஜாக்கி லாப்ரடார், நியூஃபவுண்ட்லாண்டு மீனவர்களிடம் வேலை பார்த்த வம்சம். எடுத்து வந்து கையில் கொடுப்பதுதான் அதற்குச் சந்தோஷம், ஒரு பிஸ்கட்டுக்கு உயிரையும் கொடுக்கும். மின்னலோ பிஸ்கட் நீட்டினால் என்னைக் கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கும். மந்தம் என்று நினைத்தேன். சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்து முதோல் எல்லாம் கண்ணால் கண்டு துரத்தும் வகை. ஆள் எட்டாத தூரத்தில் தானே முடிவெடுக்கிற நாயைத்தான் தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். திரும்பி நின்று "போகட்டுமா ஐயா?" என்று கேட்கிற நாய் முயலைக் கோட்டை விட்டிருக்கும். (இன்றைக்கு முயலைப் பிடித்தால் வனத்துறை நம்மைப் பிடிக்கும், அது வேறு.)

இப்போது மூங்கில் கழி நுனியில் பழைய துணியைக் கட்டித் தரையோடு இழுக்கிறேன். "இரு" என்றதும் நின்றால் துணி ஓடும், துரத்தலாம். ஓட்டம்தான் கூலி. பத்து நாளில் நின்றுவிட்டது. பின்னங்கால் இரண்டும் நடுங்குகிறது, கண் துணியை விட்டு நகரவில்லை, ஆனால் நிற்கிறது! வெளியே போனால் மட்டும் இன்னும் முப்பதடிக் கயிறுதான்.

உன் பீகிள் கழுதை மாதிரி இழுக்கிறது என்று புலம்பியிருந்தாயே. அது மோப்ப நாய், வாசனை அதை இழுக்கிறது. மூக்கு தரையில் இருக்கும்போது கத்தாதே, காதில் விழாது. முதலில் பத்து நிமிடம் மோந்து பார்க்க விடு, அப்புறம் கூப்பிடு. தீனியைப் பழைய துண்டில் சுருட்டி ஒளித்து வை, தேடித் தின்னட்டும்.

இதையெல்லாம் ஜாதகமாக எடுத்துக்கொள்ளாதே. 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வுப்படி, நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். சொன்ன பேச்சைக் கேட்பதில் மட்டும் அதன் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறதாம். மாடசாமி வீட்டு ராஜபாளையம் இடி இடித்தால் கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. ஜாக்கி போன பிறகு நான் இன்னொரு ஜாக்கியைத்தான் தேடியிருக்கிறேன். பாவம், அந்தப் பேருக்கெல்லாம் மின்னல் திரும்பிப் பார்க்குமா?

கார்த்திகைக்கு வா. பீகிளையும் கூட்டி வா, கயிறு நல்லதாக இருக்கட்டும்.

உன்,
சுப்பு