பொலோஞாவை நிறுவியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களைப் பற்றித் தங்கள் இதழில் தொடங்கியுள்ள தொடரின் முதற்பகுதியில், இத்தாலியின் பொலோஞா நகரிலுள்ள பல்கலைக்கழகம் 1088இல் நிறுவப்பட்டது என்று ஒரே வரியில் சொல்லப்பட்டுள்ளது. அவ்வாண்டில் அரசர் எவரும் சாசனம் வழங்கவில்லை, அடிக்கல்லும் நாட்டப்படவில்லை. 1888இல் எண்ணூறாம் ஆண்டு விழா கொண்டாடுவதற்காக, கவிஞர் கார்தூச்சி தலைமையிலான குழு முடிவு செய்துகொடுத்த ஆண்டு அது. விழாவுக்கு ஓர் ஆண்டு வேண்டும் என்பதில் குறை காண்பதற்கில்லை. ஆனால், 'நிறுவப்பட்டது' என்று எழுதியவுடன் நிறுவியவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்று வாசகர் எண்ணிக்கொள்வார். அந்த எண்ணம் இடைக்காலப் பல்கலைக்கழகங்களின் தனித்தன்மையையே மறைத்துவிடுகிறது.

ரோமானியச் சட்டத் தொகுப்பைக் கற்பதற்காகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலோஞாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியூரார். ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்களும் பலர். நகரின் குடியுரிமை இல்லாததால், ஒருவர் பட்ட கடனுக்காக அவருடைய நாட்டைச் சேர்ந்த மற்றொருவரைப் பிடிக்கும் வழக்கத்துக்குக்கூட அவர்கள் ஆளாக நேர்ந்தது. பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா அந்த நூற்றாண்டின் நடுவில் பிறப்பித்த ஆணை இதைத் தடை செய்தது. எனினும், நகராட்சியோடும் வீட்டு உரிமையாளர்களோடும் அன்றாடம் பேரம் பேச ஆணை மட்டும் போதவில்லை. ஆகவே, வணிகரும் கைவினைஞரும் கூட்டமைத்ததைப் போலவே மாணவர்களும் சங்கம் அமைத்து, தங்களுள் ஒருவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

ஆசிரியர்கள் மாணவர் தரும் கட்டணத்தை நம்பியிருந்ததால், அச்சங்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் அவர்களும் வந்தார்கள். மணி அடித்த பிறகும் பாடத்தை நீட்டினால் அபராதம். கடினமான பகுதியைத் தள்ளிவிட்டுப் போனால் அபராதம். ஐந்து பேர்கூட வராத வகுப்பை நடத்தினால், அன்று அவர் வரவே இல்லை என்று கணக்கிட்டு அபராதம். இவற்றை வசூலிப்பதற்கென்றே ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தொகையை முன்பணமாக வைக்கவும் வேண்டியிருந்தது. (இன்றைய பேராசிரிய நண்பர்கள் இதை வாசித்துவிட்டு என்னைக் கோபிக்க வேண்டாம்.) தேர்வு நடத்தும் உரிமையை மட்டும் ஆசிரியர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பிற்காலத்தில் நகராட்சியே ஆசிரியர்களுக்கு ஊதியம் வழங்கத் தொடங்கியதும், மாணவர் சங்கத்தின் பிடி மெல்லத் தளர்ந்தது.

சொந்தக் கட்டடமும் நிலமும் இல்லாத இந்தச் சங்கங்களுக்கு எங்கிருந்து வலிமை வந்தது என்ற கேள்விக்கு அந்த இல்லாமையே விடை. வாடகை அறையில் நடக்கும் வகுப்பை வேறு ஊருக்கு மாற்றுவது எளிது. மாணவர் வெளியேறினால் ஊரின் வாடகையும் வியாபாரமும் படுத்துவிடும். 1222இல் பொலோஞாவை விட்டுப் போனவர்களால் பாதுவா பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1209இல் ஒரு பெண்ணின் கொலையையொட்டி ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தார் மாணவர்களைத் தூக்கிலிட்டபோது, கலைந்து சென்றவர்களில் ஒரு பகுதியினர் கேம்பிரிட்ஜில் குடியேறினர். இவ்விரண்டையும் நிறுவப்பட்டவை என்பதைவிடப் பிரிந்து சென்றவை என்பதே பொருத்தம். அரசரே திட்டமிட்டுத் தொடங்கியவையும் உண்டு. 1224இல் இரண்டாம் பிரெடெரிக் தொடங்கிய நேப்பிள்ஸ் பல்கலைக்கழகம் அத்தகையது.

நம்மில் பலருக்கு 'நிறுவப்பட்டது' என்ற சொல் இயல்பாக வருவதற்கு நம் அனுபவம் ஒரு காரணமாக இருக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் ஒரு சட்டத்தின் வழியே, லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகப் பிறந்தது. இடைக்காலத்தின் பட்டங்களும் பட்டமளிப்பு அங்கியும் நமக்கு வந்து சேர்ந்தன. அவற்றை ஈன்ற சங்கம் உடன் வரவில்லை.

தொடரின் அடுத்த பகுதி பாரிசைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அங்கே சங்கம் அமைத்தவர்கள் ஆசிரியர்கள். 1229இல் மதுக்கடைத் தகராறு ஒன்றைத் தொடர்ந்து காவலர்கள் மாணவர்களைக் கொன்றதும், அதற்கு நியாயம் கேட்டு ஆசிரியர்கள் வகுப்புகளை நிறுத்தி நகரைவிட்டே வெளியேறியதும், 1231இல் போப் ஒன்பதாம் கிரிகோரி, குறைகள் தீராதபோது வகுப்புகளை நிறுத்திவைக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்திலேயே வழங்கியதும் அப்பகுதியில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.