ரப்பர் தோட்டத்தில் ஒரு சைக்கிள் தடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குமரி மாவட்டச் சுற்றுலாவுக்கு என்ன செய்யலாம் என்று தங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவருவதைப் படிக்கிறேன். படகு, பாலம், ரோப் கார் என்றே யோசனைகள் வருகின்றன. குலசேகரத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பதால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது.

காஷ்மீரிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது நம் கடற்கரையில்தான். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு சைக்கிளை ரயிலில் ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மலையும் தோட்டமும் இங்கே கிடக்கின்றன. மலைச் சைக்கிள் ஓட்ட முறையான தடம்தான் இல்லை. பக்கத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பே நடந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மலை எழும்பும்போது இந்தப் பக்கம் மட்டும் தட்டையாகவா இருக்கிறது?

சரி, வெளியூர்க்காரர்களை விடுங்கள். எனக்கு அதிகக் கவலை நம் பையன்களைப் பற்றித்தான். இப்போது பத்து, பதினைந்தாயிரம் ரூபாய்க்கு விற்கிற சைக்கிள்களில் பெரும்பாலானவை பார்வைக்கு மட்டுமே மவுண்டன் பைக். தடித்த டயர், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில் (ஃபோர்க்) ஸ்பிரிங், வண்ண ஸ்டிக்கர். அந்த ஸ்பிரிங் ரோட்டுக் குழியைத் தாங்கும். ஆளுயர மேட்டிலிருந்து குதித்தால் தாங்காது. ஃபோர்க் பின்னுக்கு வளைந்து, முன்சக்கரம் ஃபிரேமில் உரசிக்கொண்டு, தள்ளக்கூட முடியாமல் தோளில் தூக்கி என் கடைக்கு வருவார்கள். "எப்பிடிடே ஆச்சு?" என்றால் "குழியில விழுந்துட்டுண்ணே" என்பான். டயரின் பள்ளங்களில் சரிவுச் செம்மண் அப்பியிருக்கும். எந்தக் குழி என்று எனக்குத் தெரியாதா! பெற்றோருக்குத் தெரியாமல் தோட்டச் சரிவிலும் சானல் (கால்வாய்) கரையிலும் இறங்கிப் பழகுகிறார்கள். ஹெல்மெட் கிடையாது. முன்பிரேக்கை எப்போது பிடிக்கலாம், எப்போது பிடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது.

ஆகவே முதலில் வேண்டியது மலைத் தடம் அல்ல, சமவெளியில் ஒரு சிறிய பயிற்சித் திடல். பம்ப் டிராக் என்று ஒன்று உண்டு. சின்னச் சின்ன மேடுகளும் சாய்வான வளைவுகளும் கொண்ட சுற்றுப்பாதை. அதில் பெடலே மிதிக்க வேண்டாம். மேட்டில் உடம்பை லேசாக்கி, இறக்கத்தில் அழுத்தினால் வண்டி தானாக வேகம் எடுக்கும். எட்டு வயதுப் பிள்ளையும் ஓட்டலாம். அதன் பக்கத்திலேயே தாழ்வான பலகைப் பாலம், கல் பரப்பிய ஒரு துண்டு, அரையடியில் தொடங்கிப் படிப்படியாக உயரும் குதிமேடைகள். இவ்வளவுதான். ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்கிற நம் ஊரில் மண்ணால் கட்டினால் கரைந்துபோகும். பம்ப் டிராக்கையாவது தார் போட்டுச் செய்ய வேண்டும். தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் என்று அரசு சொல்லியிருக்கிறதே, அதில் ஒரு மூலை போதும். 37 கோடி ரூபாயில் கடலுக்குள் கண்ணாடிப் பாலம் கட்டிய மாவட்டத்துக்கு இது ஒரு செலவே அல்ல.

அப்புறம் மலைத் தடம். காட்டுக்குள் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. கன்னியாகுமரி வன உயிரின சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர், மாவட்டத்தில் ஏறத்தாழ கால்பங்கு. அங்கே புலியும் யானையும் இருக்கட்டும். காட்டை ஒட்டிய அரசு ரப்பர் தோட்டங்களிலும் யானை இறங்குவதால் அவையும் சரிவராது. குலசேகரம், அருமனை பக்கத்துத் தனியார் ரப்பர் தோட்டங்களைத்தான் சொல்கிறேன். அங்கே விடியுமுன் பால்வெட்டு, அதாவது மரப்பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் வேலை, தொடங்கும். சிரட்டையிலிருந்து பாலை எடுத்து, உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்கப் போய்விட்டால், மதியத்துக்கு மேல் தோட்டத்தில் ஆள் நடமாட்டமே இருக்காது. அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு தடம் விட்டால் யாருக்கு இடைஞ்சல்? நியூசிலாந்தின் ரொட்டோருவாவில் புகழ்பெற்ற தடங்கள் ஓடுவது மரத்துக்காக வளர்க்கும் தோட்டக் காட்டில்தான். மரம் வெட்டுகிற பகுதியை மட்டும் மூடிவைத்துவிட்டு மற்ற இடங்களில் ஓட்டவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் டெர்பி என்கிற சிற்றூர், வெள்ளீயச் சுரங்கம் மூடிப் படுத்துப்போனது, 2015இல் திறந்த சைக்கிள் தடங்களால் எழுந்து உட்கார்ந்தது. ரப்பர் விலை இறங்கும்போதெல்லாம் பால்வெட்டை நிறுத்திவிட்டு உட்காரும் நம் தோட்டக்காரர்கள் இதை யோசிக்கலாம்.

தடம் வெட்டுவதில் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் காண்டிராக்டர் கையில் போனால் முதலில் கெடுவது இதுதான். மேலிருந்து கீழே நேராக இறக்கக் கூடாது. அப்படி இறக்கினால் ஒரே மழையில் அது ஓடையாகிவிடும். வேர்கள் வெளியே தெரியும், செம்மண் போய்க் கீழ்வீட்டு முற்றத்தில் படியும். சரிவுக்குக் குறுக்காகச் சுற்றிச் சுற்றி இறக்க வேண்டும். சராசரியாக நூறு அடிக்குப் பத்தடிக்கு மேல் இறங்கக் கூடாது. தடம் குறுக்கே போகிற மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் தடத்தின் சாய்வு போகவும் கூடாது. தடத்தின் வெளிவிளிம்பைச் சற்றே தாழ்த்தி, அங்கங்கே சிறு ஏற்றம் வைத்தால் தண்ணீர் தேங்காமல் பக்கவாட்டில் வடிந்துவிடும். ரப்பர் வைக்கச் சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டியவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் இந்த வேலைக்கு வெளியிலிருந்து ஜேசிபி வேண்டாம், நம் ஊர் மண்வெட்டி ஆட்களே போதும் என்கிறேன். கனமழை நாட்களில் தடத்தைப் பூட்டிவைக்கும் கண்டிப்பும் வேண்டும். ஈர மண்ணில் டயர் போட்ட கோடு காய்ந்தால் அடுத்த மழைக்குத் தண்ணீர் அதன் வழியேதான் ஓடும்.

இங்கே சைக்கிள் ஓட்டுகிற நாங்கள் சிலர் சேர்ந்து கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் திடலுக்காக மனு கொடுக்கப்போகிறோம். தடத்துக்கு, தோட்டம் வைத்திருக்கும் வாசகர் யாராவது ஒரு ஏக்கர் சரிவு கொடுத்தாலும் போதும். வெட்டுவதும் மழை முடிந்ததும் செப்பனிடுவதும் எங்கள் பொறுப்பு. பால்வெட்டு நேரத்தில் ஒரு சைக்கிளும் உள்ளே வராது என்று எழுதியும் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
குலசேகரம்.