இரண்டாம் பருவ நிறைவும் பள்ளிப் பேருந்து குறித்த வேண்டுகோளும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி இரண்டிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களுக்கும் பயிற்சி தந்த ஆசிரியர்களுக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், நம் பேருந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2012-ல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. 2022-ல் கேமராவும் சென்சாரும் அவற்றில் சேர்ந்தன. நம் பேருந்துகளில் ஜிபிஎஸ் பொருத்தி, வண்டி எங்கே வருகிறது என்று உங்கள் போனிலேயே பார்க்க வசதி செய்ததும் அந்த அக்கறையால்தான்.

அந்த வசதி இப்போது வேறு விதமாகப் பயன்படுகிறது என்பதுதான் கவலை. வண்டி சிக்னலில் நின்றால் போதும், "அண்ணே, ஏன் ஒரே இடத்துல நிக்குது?" என்று ஓட்டுநருக்கு போன் வருகிறது. உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருபவரின் கவனம் சாலையில்தான் இருக்க வேண்டும். ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பது, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமும்கூட.

இன்னொன்று, வண்டி தெருமுனைக்கு வந்ததாகப் போனில் தெரிந்த பிறகே சிலர் வீட்டைவிட்டுக் கிளம்புகிறீர்கள். கருவி அனுப்பும் தகவல் மொபைல் சிக்னல் வழியாகத்தான் வருகிறது. சிக்னல் விட்டுப்போனால் திரையில் வண்டி பழைய இடத்திலேயே நிற்கும். போன வாரம் அப்படித்தான், திரையில் முந்தைய நிறுத்தத்தில் நின்ற வண்டி நிஜத்தில் வந்து சேர்ந்திருந்தது. யுகேஜி குழந்தை ஒன்று உதவியாளர் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி படியிலேயே நின்றுகொண்டிருந்தது. அடுத்த நிறுத்தங்களில் மற்ற பெற்றோர் வெயிலில் காத்திருந்தார்கள்.

இனி ஓட்டுநர்கள் பயணத்தின்போது போனை அணைத்து வைப்பார்கள். அவசரமென்றால் அடையாள அட்டையின் பின்புறம் உள்ள பேருந்துப் பொறுப்பாளர் எண்ணை அழையுங்கள். அழைத்துச் செல்ல ஆள் இல்லையென்றால் ஐந்தாம் வகுப்புவரை உள்ள எந்தக் குழந்தையையும் இறக்கிவிட மாட்டோம். குழந்தை பள்ளிக்கே திரும்பி வரும், நீங்கள் அலுவலகத்தில் கையெழுத்திட்டு அழைத்துச் செல்ல வேண்டும். செயலியின் கடவுச்சொல்லை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால் அந்தக் கணக்கு உடனே முடக்கப்படும். பிள்ளைகள் எங்கே, எப்போது இறங்குகிறார்கள் என்பது வெளியாருக்குத் தெரியக் கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது.

கண்டிப்பாக எழுதியதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன். பெரும்பாலானவர்கள் ஐந்து நிமிடம் முன்பே வந்து நிற்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக் கைபிடித்து சாலையைக் கடக்கவைக்கும் தாத்தா பாட்டிகளைத் தினமும் பார்க்கிறோம் என்று உதவியாளர்கள் சொல்கிறார்கள். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. போன் எண் மாறியிருந்தால் விடுமுறைக்குள் வகுப்பாசிரியரிடம் தெரிவித்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்